248 நாள் வாய்ப்பாடு



நம் அறிவிப்புப் பலகையில் ஏகாதசி நேரம் எழுதினால் போதும், உடனே இரண்டு கட்சி சேர்ந்துவிடும். "வாக்கியப் பஞ்சாங்கத்தில் அப்படி இல்லையே" என்பார் ஒருவர். "திருக்கணிதப்படி இதுதான் சரி" என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் நிலா ஒன்றுதான். பிறகு ஏன் வித்தியாசம்? விடை தேடப் போன எனக்கு, 200 வருடத்துக்கு முந்தைய ஒரு புதுச்சேரிக்காரர் அறிமுகமானார்.

அவரிடம் போகுமுன் நிலாவைக் கொஞ்சம் பார்ப்போம். அது பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் பாதை சரியான வட்டம் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை அருகில் வரும், ஒரு முறை விலகிப் போகும். அருகில் வரும்போது ஒரு நாளில் சுமார் 15 பாகை ஓடும். விலகியிருக்கும்போது 12 பாகைகூடத் தேறாது. அதனால்தான் ஒரு திதி 20 மணி நேரத்திலேயே முடிந்துவிடுகிறது, இன்னொன்று 26 மணியையும் தாண்டுகிறது.

அருகிலிருந்து புறப்பட்ட நிலா மறுபடி அருகில் வர சுமார் 27.55 நாள் ஆகும். இதை ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 248 நாள் வரும். நம் முன்னோர் இதைக் கண்டுகொண்டு, நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள் அமைத்தார்கள். வரருசி பெயரால் வழங்கும் இவற்றில் எழுத்துக்கள்தான் எண்கள். உதாரணமாக, இந்த 248 நாள் சுற்றுக்கே 'தேவரம்' என்று பெயர். தே 8, வ 4, ர 2. பின்னாலிருந்து வாசித்தால் 248. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் வந்தது இந்த வாக்கியங்களால்தான்.

இனி புதுச்சேரி. சென்னை வானாய்வகத்தை ஒரு காலத்தில் கவனித்து வந்த ஜான் வாரன், பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவரை அங்கே சந்தித்தார். வாரன் எழுதிவைத்த பெயர் 'சாமி நாடன் சாஷியா'. சுவாமிநாத சேஷய்யாவாக இருக்கலாம் என்பது என் ஊகம். அவர் தரையில் சோழிகளை வைத்து, வாக்கியங்களை மனத்திலிருந்தே சொல்லி, 1825 மே 31 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாள் இல்லை, பேனா இல்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம்தான். நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்.

அவருக்குக் கணிதத்தின் தத்துவம் ஒன்றும் தெரியாது, ஞாபகசக்தி மட்டும் அபாரம் என்று வாரன் தன் 'கால சங்கலிதம்' நூலில் எழுதினார். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. வங்கியில் நானும் ரெடி ரெக்கனரைப் புரட்டித்தான் வட்டி போட்டேன். அந்தப் புத்தகத்தை யார், எப்படிக் கணக்கிட்டார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனாலும் வாடிக்கையாளருக்குப் பைசா சுத்தமாக வட்டி போய்ச் சேர்ந்தது. தத்துவம் தெரியாதவர்கள் பிசகாமல் ஒப்பித்ததால்தான் அந்த வாய்ப்பாடும் நம் காலம் வரை வந்திருக்கிறது.

சரி, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? சூரியனும் நிலாவை இழுக்கிறது. அதனால் நிலா அருகில் வரும் தூரமே மாதத்துக்கு மாதம் மாறும். ஒரு மாதம் 3,57,000 கிலோமீட்டர், வேறொரு மாதம் 3,70,000. வேகமும் அதற்கேற்ப மாறும். 248 வாக்கியமோ எல்லாச் சுற்றுக்கும் ஒரே கணக்கு. திருக்கணிதம் இந்த மாற்றத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் சில நாட்களில் திதி முடியும் நேரம் மணிக்கணக்கில் விலகுகிறது.

யார் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் என்பது அவரவர் குடும்ப வழக்கம்; அதில் நான் தலையிடவில்லை. ரெடி ரெக்கனர் எவ்வளவு நல்லதானாலும், வட்டி விகிதம் மாறினால் வங்கிக்குப் புதுப் புத்தகம் வரும். அதற்காகப் பழைய புத்தகத்தைப் போட்டவரை யாரும் குறை சொன்னதில்லை. அடுத்த சந்திர கிரகணத்துக்கு இரண்டு பஞ்சாங்கத்தையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வாருங்கள். கடிகாரத்தை நான் கொண்டுவருகிறேன்.