அகதிகளுக்குக் கிடைத்த இரண்டு தீவுகள்

வெனிஸ் என்றால் எங்கட சனத்துக்கு ஞாபகம் வருவது கொண்டோலாவும் புறாக்களும்தான். அந்த நகரத்தைத் தொடக்கியவர்கள் அகதிகள் என்பதைச் சுற்றுலாக்காரர் சொல்லுவதில்லை. கப்பல் அங்கே நின்ற ஒரு நாளை நானும் மனைவியும் கடனீரேரிக்குள் இருக்கும் இரண்டு சின்னத் தீவுகளுக்குக் கொடுத்தோம். 2021 ஓகஸ்ட்டிலிருந்து பெரிய கப்பல்கள் நகரத்தின் நடுவால் போகமுடியாது. எங்களுடையதும் மார்கெரா தொழிற்துறைமுகத்தில்தான் நின்றது. அங்கிருந்து பஸ், பிறகு பொதுப் படகு.

முதலில் தொர்செல்லோ. ஆழமில்லாத தண்ணீர். படகு போகும் பாதையை மரக்குற்றிகள் நட்டு அடையாளப்படுத்தியிருக்கிறார்கள். பாதை தெரியாதவன் வந்தால் சேற்றில் மாட்டிக்கொள்வான். இந்தச் சேறுதான் ஒருகாலத்தில் ஒரு சனத்தைக் காப்பாற்றியது.

கி.பி. 452இல் அட்டிலாவின் ஹூணர் படை வடகிழக்கு இத்தாலிக்குள் புகுந்து அக்விலேயா நகரை அழித்தது. 568இல் லொம்பார்டியர் வந்தார்கள். கரையிலிருந்த அல்தீனோ நகரத்து மக்கள் தீவுகளுக்கு ஓடினார்கள். முதலில் ஓடியவர்கள், படை போனதும் ஊருக்குத் திரும்பலாம் என்றுதான் நினைத்திருப்பார்கள். யார்தான் அப்படி நினைக்கவில்லை? ஆனால் ஏழாம் நூற்றாண்டில் அவர்களுடைய ஆயரும் தீவுக்கு வந்துவிட்டார். 639ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு இன்றும் அங்குள்ள பேராலயத்தில் இருக்கிறது. கோயிலைக் கட்டிவிட்டால் திரும்பிப் போகும் கதை முடிந்தது என்று அர்த்தம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் நாங்கள் எழுப்பிய கோபுரங்களைப் பற்றி மனைவியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கதைக்கவில்லை.

தொர்செல்லோவில் ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கில் சனம் இருந்தது. பிறகு கால்வாய்கள் சேறடைந்தன, மலேரியா வந்தது, மக்கள் வெனிஸ் பக்கம் போனார்கள். விட்டுப்போன வீடுகளின் கல்லையும் பிடுங்கிக்கொண்டுபோய் வெனிசில் கட்டினார்கள். இன்று அங்கே நிரந்தரமாக இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பேராலயத்தின் மேற்குச் சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பைக் காட்டும் மொசைக் ஓவியம் மட்டும் அப்படியே மினுங்குகிறது.

மத்தியானத்துக்குப் பிறகு சான் லாசரோ. இங்கே நினைத்தபடி நுழையமுடியாது, குறித்த நேரத்தில் வழிகாட்டியோடுதான். பழைய காலத்தில் தொழுநோயாளரை ஒதுக்கி வைத்த தீவு இது. பிறகு ஆளில்லாமல் கிடந்தது. 1717இல் வெனிஸ் செனற் இதை ஓர் ஆர்மேனியத் துறவிக்குக் கொடுத்தது. அவர் பெயர் மெகித்தார். இன்றைய துருக்கியின் சிவாசில் 1676இல் பிறந்தவர், ஆர்மேனியக் கத்தோலிக்கர். 1701இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஒரு துறவற சபையைத் தொடங்கினார். அங்கே இருக்கவிடாததால், அப்போது வெனிசின் கையில் இருந்த கிரேக்கக் கரைக்கு, மோதோனுக்குப் போனார். 1715இல் ஒட்டோமன் படை அதையும் பிடித்தது. இரண்டாம் முறை அகதியாகி வெனிசுக்கு வந்தவருக்குத்தான் இந்தத் தீவு கிடைத்தது.

கிடைத்த இடத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். அகராதி செய்தார்கள். கையெழுத்துச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார்கள். 1789இல் தீவிலேயே அச்சகம் போட்டார்கள். 1836, 37இல் பழைய ஆர்மேனிய மொழிக்கு இரண்டு தொகுதிகளில் பேரகராதி வெளியிட்டார்கள். 1816இல் பைரன் பிரபு இங்கே வந்து ஆர்மேனிய மொழி படித்தார். நெப்போலியன் வெனிசின் மடங்களை மூடியபோதும் இதைத் தொடவில்லை. இது மடம் மட்டுமல்ல, கல்விக்கழகமும் என்று காட்ட அவர்களிடம் வேலை இருந்தது. இன்று 4,000க்கும் மேற்பட்ட சுவடிகள் அங்கே இருக்கின்றன.

இதற்குக் காசு எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு சென்னையிலிருந்து! சென்னையில் வணிகம் செய்து பணம் சேர்த்த எட்வர்ட் ரபேல், சாமுவேல் மூராட் என்ற இரண்டு ஆர்மேனியர் எழுதிவைத்த சொத்தில்தான் இந்தத் துறவிகள் வெனிசில் மூராட் ரபேல் கல்லூரியை நடத்தினார்கள். உலகத்தின் முதல் ஆர்மேனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' வெளிவந்ததும் சென்னையில்தான், 1794இல். ஆர்மேனியன் தெருவால் போய்வரும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இன்னொன்றும் உண்டு. இந்த மடத்தில் ஒரு தமிழ் ஓலைச்சுவடி இருக்கிறது. தமிழ் என்று தெரியாமலே பாதுகாத்து வந்தார்கள். சில வருடங்களுக்கு முன் அங்கு போன ஒரு தமிழ் ஆய்வு மாணவர்தான் அதை வாசித்து, 'ஞானமுயற்சி' என்ற கிறிஸ்தவ நூல் என்று சொன்னார். வாசிக்கத் தெரியாத ஏட்டைக்கூட எறியாமல் வைத்திருந்தார்கள் பாருங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்துபோனவை 97,000 நூல்கள். அந்தத் தீவில் நிற்கும்போது அந்த எண் மனதில் வராமல் இருக்காது.

ஆர்மேனியருடைய கதையும் முழு வெற்றி அல்ல. சான் லாசரோ அச்சகம் மூடப்பட்டுவிட்டது. கல்லூரியும் 1997இல் மூடப்பட்டது. 1915 இனப்படுகொலைக்குத் தப்பிச் சிதறியவர்கள் பேசிய மேற்கு ஆர்மேனிய மொழியை, அழியும் ஆபத்திலுள்ள மொழிகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்திருக்கிறது. நூலகம் இருந்தும் வீட்டில் பிள்ளை பேசாவிட்டால் மொழி நிற்காது. ஆனால் நூலகமும் இல்லாவிட்டால், நாளைக்குத் திரும்பிப் படிக்க விரும்பும் பேரப்பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

எங்களுக்கு ஒருவரும் தீவு தரப்போவதில்லை. தேவையும் இல்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத் திட்டம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து யாரும் வாசிக்க வைத்திருக்கிறது. பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பும் நல்லவர்களின் நன்கொடையும்தான். எங்கட கொண்டாட்டங்களுக்குப் போகும் பணத்தில் ஒரு சிறு பங்கு இந்த வேலைக்குப் போனால் எவ்வளவோ செய்யலாம். அடுத்தமுறை நிலவறையைத் துப்புரவாக்கும்போது, ஊரிலிருந்து கொண்டுவந்த கோயில் மலர், பாடசாலை மலர், பழைய சஞ்சிகை எதையாவது கண்டால் குப்பையில் போடாதீர்கள். அது கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம்.