டெக் டிக்கெட்

வெள்ளிமலையில் எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. மூடியில் வெள்ளை பெயின்ட்டால் தாத்தாவின் பெயரும் அதற்குக் கீழே ‘பினாங்கு’ என்றும் எழுதியிருக்கும். கல்வராயன் மலைமேல், சாமையும் மரவள்ளியும் விளைகிற ஊரில், கடலையே பார்க்காதவர்கள் இன்றும் இருக்கிற இடத்தில், ஒரு கப்பல் பெட்டி. சின்ன வயதில் அதில் அம்மா பழைய பாவாடைகளைப் போட்டு வைத்திருந்தார்.

தாத்தா மலைக்காரர் இல்லை. கீழே கச்சிராயப்பாளையம் பக்கம். அப்பாவுக்கு மலைமேல் வாத்தியார் வேலை கிடைத்ததால் நாங்கள் இங்கே வந்தோம், அப்படியே தங்கிவிட்டோம். மலைமேலிருந்து யாரும் கப்பலேறியதாக நான் கேட்டதில்லை. 1976 வரை இந்த மலை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. இங்கிருந்தவர்கள் கூலியில்லாமல் அவர்கள் நிலத்தில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். கப்பலேறுவதற்கும் ஒரு சுதந்திரம் வேண்டியிருந்தது. தாத்தாவிடம் அது கொஞ்சம் இருந்தது, கூடவே ஒரு காணி நிலமும். 1950 வாக்கில் அதை அடமானம் வைத்துத்தான் நாகப்பட்டினத்தில் டெக் டிக்கெட் எடுத்தார். பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் பன்னிரண்டு வருஷம் நின்றார். நிலம் மட்டும் திரும்பி வரவில்லை.

அவர் போன கப்பல் ரஜூலா. தமிழ்நாட்டின் பல வீடுகளில் இந்தப் பெயரைச் சொன்னால் யாராவது ஒரு பெரியவர் நிமிர்ந்து உட்காருவார். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். 8,478 டன். கட்டிய புதிதில் அதன் சான்றிதழ் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதித்தது. பின்னால் விதிகள் இறுக, இந்த எண் வெகுவாகக் குறைந்தது.

இந்த எண்ணைக் கொஞ்சம் வகுத்துப் பார்க்கலாம். (எங்கள் தொழிலில் எதையும் வகுத்துப் பார்க்காமல் தூக்கம் வராது.) கப்பலின் ‘கிராஸ் டன்’ எடையைச் சொல்வதில்லை, உள்ளே இருக்கிற இடத்தின் கொள்ளளவைச் சொல்கிறது. ரஜூலாவின் டன்னை ஆட்களால் வகுத்தால் ஆளுக்கு ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல் வரும். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் போன ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பல் 2,48,663 டன். நிரம்பி வழிந்தால் 7,600 பயணிகள். ஆளுக்கு முப்பதுக்கும் மேல். அன்றைய அளவையும் இன்றைய அளவையும் முழுக்க ஒன்றல்ல, ஆனாலும் இருபது மடங்கு வித்தியாசத்தை அது விழுங்கிவிடாது. அதுவும் ரஜூலாவின் ஒன்றரை டன் சமமாகப் பங்கிட்டது இல்லை. இன்ஜினும் சரக்கும் கேபின்காரர்களும் எடுத்தது போக மிச்சம்தான் டெக்குக்கு. அங்கே பாய் விரித்த இடம்தான் சீட்டு. பக்கத்துப் பாய்க்காரர் புரண்டு படுத்தால் நீங்களும் புரளவேண்டும் என்று தாத்தா சொல்வாராம்.

சட்டத்தில் இவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது: படுக்கையற்ற பயணிகள். 1887இலேயே இந்தியாவில் ‘சுதேசிப் பயணிகள் கப்பல் சட்டம்’ வந்துவிட்டது. 1931இல் சிம்லா விதிகள் வந்தன. ஒரு மனிதன் படுக்க எத்தனை சதுர அடி, எத்தனை பேருக்கு எவ்வளவு தண்ணீர் என்றெல்லாம் சிம்லாவின் குளிரில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

தாத்தாவுக்கு முந்தைய தலைமுறைக்குச் சீட்டே இலவசம். தென்னாற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன ரப்பர் தோட்டத் தொழிலாளர்களுக்கு 1907இல் ஏற்படுத்திய தமிழ் குடியேற்ற நிதி கப்பல் கட்டணத்தைக் கொடுத்தது. அந்த நிதிக்குத் தோட்ட முதலாளிகள் தலைக்கு இவ்வளவு என்று வரி கட்டினார்கள். முதலாளி கொடுத்த காசை யாருடைய கூலியிலிருந்து எடுத்திருப்பார் என்று கேட்கத் தேவையில்லை. இறங்கியதும் பினாங்குக்குப் பக்கத்திலுள்ள ஜெரஜாக் தீவில் தொற்றுத் தடுப்பு முகாம். 1938இல் இந்திய அரசு இந்த உதவிப் பயணத்தைத் தடை செய்தது.

இலவசச் சீட்டின் இன்னொரு கதை தூத்துக்குடியில் நடந்தது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1906இல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். எதிரே நின்றது, பிறகு ரஜூலாவைக் கட்டிய அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அவர்கள் கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கினார்கள். சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. கடைசியில் வெள்ளைக் கம்பெனி சும்மாவே ஏற்றிக்கொண்டு, இறங்கும்போது கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் இதைத் தேசபக்திப் பாடமாகப் படித்தேன். வேலைக்குப் போன பிறகுதான் இது ஒரு விலைப் பாடம் என்று உறைத்தது. 1908இல் வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி மூடப்பட்டது. போட்டி ஒழிந்த பிறகு எந்தக் கம்பெனியும் குடை கொடுப்பதில்லை.

நான் சில வருஷம் ஹோட்டல் அறைகளுக்கு விலை வைக்கிற மென்பொருளில் வேலை பார்த்தேன். 1978இல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்ததும் விமானக் கம்பெனிகள் வளர்த்தெடுத்த வித்தை அது. ஒரே அறைக்கு, யார் எப்போது கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து வேறு வேறு விலை. விமானம்தான் பயணக் கப்பலைக் கொன்றது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1950களின் கடைசியில் ஜெட் வந்ததும் அட்லாண்டிக் கப்பல்கள் காலியாயின. வேலையில்லாமல் போன கப்பல்களுக்குக் கண்டுபிடித்த பிழைப்புதான் இன்றைய உல்லாசக் கப்பல். அதன் விதை பழசு: 1891இல் ஜெர்மானியர் ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் சும்மா நின்ற ‘அகஸ்டா விக்டோரியா’வை மத்தியத்தரைக் கடலுக்குச் சுற்றுலா அனுப்பினார். 1972இல் கார்னிவல் கம்பெனி ஒரு பழைய அட்லாண்டிக் கப்பலை வாங்கி ‘மார்டி கிரா’ என்று பெயர் வைத்து மயாமியிலிருந்து விட்டது. முதல் பயணத்திலேயே மணல்திட்டில் ஏறி நின்றது. அப்படித் தொடங்கிய கம்பெனிதான் இன்று உலகத்திலேயே பெரியது.

நம் பக்கம் கப்பல் உல்லாசமாகவில்லை, செத்தது. ரஜூலா 1973இல் இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு வந்து, அடுத்த வருஷமே உடைக்கப்பட்டது. அந்தத் தடத்தை எடுத்துக்கொண்டது பிரான்சில் கட்டிய ‘பாஸ்தர்’ என்ற கப்பல். அதற்குச் சிதம்பரம் என்று வ.உ.சி.யின் பெயரை வைத்தார்கள். கோடாலித் தைலமும் மைலோ டின்னும் நைலான் புடவையும் அதில்தான் நம் ஊர்களுக்கு வந்து இறங்கின. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். அதோடு அந்தச் சேவை முடிந்தது. பிறகு 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைக்க, கோர்டீலியாவின் ‘எம்ப்ரஸ்’ புறப்பட்டது. 1990இல் கட்டியது, அதுவும் பிரான்சில். சூதாட்ட விடுதி இருக்கிறது என்பதால் புதுச்சேரி அதை உள்ளே விடவில்லை. முப்பத்தேழு வருஷத்தில் சென்னையிலிருந்து கப்பலேறுவதன் அர்த்தமே மாறிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் வேலை விஷயமாக ஆறு மாதம் சிங்கப்பூரில் இருந்தேன். அப்பா ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. அவருக்கு ஒரே ஒரு ஆசை, பினாங்கு பார்க்கவேண்டும். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். “பறந்து போனா என்னடா தெரியும்? அவரு போன மாதிரி தண்ணில போவணும்” என்றார். சிங்கப்பூரிலிருந்து போர்ட் கிள்ளான், பினாங்கு என்று நான்கு நாள் உல்லாசக் கப்பல் ஒன்றில் அம்மா, அப்பா, நான் மூவருக்கும் இடம் பிடித்தேன். விளம்பரத்தில் ஆளுக்கு 499 வெள்ளி. சிங்கப்பூர்த் தமிழில் டாலருக்கு வெள்ளி என்றுதான் பெயர். வெள்ளிமலைக்காரனுக்கு அது முதலில் சிரிப்பாக இருந்தது.

பிறகு துறைமுகக் கட்டணம். ஊழியர்களுக்கான டிப்ஸ், ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே சேர்ந்தது. வைஃபை தனி. சைவத்துக்கு நல்ல உணவகம் வேண்டுமென்றால் தனி. ஜன்னல் உள்ள அறை தனி. ஜன்னலில்லாத அறையில் சுவரில் ஒரு திரைச்சீலை தொங்கவிட்டிருந்தார்கள், விலக்கினால் பின்னாலும் சுவர்தான். இறங்கும்போது தொகை இரண்டரை மடங்கு. பெரிய கம்பெனிகளின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கப்பலுக்குள் செலவழிப்பதிலிருந்துதான் வருகிறது. கோவிட்டில் கப்பல்கள் நின்றபோது வாங்கிய கடனும் தலைமேல் இருக்கிறது. கார்னிவலுக்கு மட்டும் 3,000 கோடி டாலருக்கு மேல் போனது. அதைப் பயணிகளிடம்தான் வாங்கவேண்டும். முன்பு எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று விற்றார்கள், இப்போது ஒவ்வொன்றாகக் கழற்றி விற்கிறார்கள். இந்த வித்தையை நானே எழுதியவன் என்பதால் கோபப்படவும் முடியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. கப்பலின் மேல்தளத்தில் ஒரு கதவுக்கு அப்பால் அட்டை வைத்தவர்கள் மட்டும் போகலாம். அங்கே தனி நீச்சல்குளம், தனி சாப்பாடு. இப்போது பல கம்பெனிகளிடம் இந்த ஏற்பாடு உண்டு. நார்வீஜியன் ‘ஹேவன்’ என்கிறது, எம்எஸ்சி ‘யாட் கிளப்’ என்கிறது. கேபின் வகுப்பும் டெக் வகுப்பும் போய்விட்டன என்று நினைத்திருந்தேன். அப்பா அந்தக் கதவைப் பார்த்துவிட்டு, “அது ஃபர்ஸ்ட் கிளாஸா?” என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு அப்பா குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் தயாராக இருந்தார். சட்டைப்பையில் தாத்தா வேலை பார்த்த தெருவின் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு. ஏழு மணிக்கு ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். காற்று சரியில்லை, பினாங்கில் நிற்கப்போவதில்லை, மன்னிக்கவும், மதியம் டெக்கில் கூடுதல் இசை நிகழ்ச்சி உண்டு. வரவேற்பு மேசையில் போய்க் கேட்டேன். துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்பி வரும் என்றார்கள். எந்தத் துறைமுகத்தையும் விட்டுப்போகும் உரிமை கப்பலுக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நான் ‘சம்மதம்’ என்று கட்டத்தில் டிக் அடித்திருக்கிறேன்.

பெரும்பாலான பயணிகளுக்கு அது பெரிய ஏமாற்றமாகத் தெரியவில்லை. நீச்சல்குளத்தில் இடம் பிடிக்க ஓடினார்கள். அவர்கள் கப்பலுக்காக வந்தவர்கள், ஊருக்காக இல்லை. ரஜூலாவில் இப்படி ஒரு அறிவிப்பு வந்திருந்தால் ஆயிரம் பேர் கடலில் குதித்திருப்பார்கள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் திட்டித் தீர்த்தார். பத்து மணி சுமாருக்கு நான் மேலே போனபோது அப்பா வலதுபக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தூரத்தில் மங்கலாக ஒரு மலை. “அதான் பினாங்கா?” என்றார். எனக்குத் தெரியாது. போனில் வரைபடம் திறக்க வைஃபை வாங்கவேண்டும், ஒரு நாளைக்கு இருபது வெள்ளி. வாங்கினேன். நீலப்புள்ளி நகர்ந்து வந்து நின்றது. அதுதான்.

அப்பா சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். “கல்வராயன் மலை மாதிரியே இருக்குடா” என்றார்.

இந்தக் கட்டுரைக்காகப் பெட்டியை இறக்கச் சொன்னேன். அம்மா பாவாடைகளை எடுத்துத் தனியே வைத்தார். அடியில் அந்தத் துண்டுச் சீட்டு இருந்தது.