மலையடி நிலமும் ஆதிமூலத்தின் வண்ணங்களும்

ஓவியர் கே. எம். ஆதிமூலத்தின் (1938–2008) கலை வாழ்வை மூன்றாகப் பகுத்துப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. முதலில் காந்தி நூற்றாண்டையொட்டிக் கறுப்பு மையில் வரைந்த காந்தி உருவங்கள், அடுத்து கோட்டோவிய அரசர்கள், கடைசியாக எண்ணெய் வண்ண அருவம். மூன்றாவதற்கு அருவம் என்று பெயர் வைத்தவுடன் பேச்சு ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறது. அந்த வண்ண ஓவியங்கள் நிலக்காட்சிகளே என்பதும், கிழக்குத் தொடர்ச்சி மலையடியின் மானாவாரி நிலமே அவற்றின் அமைப்பைத் தந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம். இதைச் சோதித்துப் பார்க்கக் கள்ளக்குறிச்சியையும் கல்வராயன் மலையையும் எடுத்துக்கொள்கிறேன். ஆதிமூலம் கல்வராயனைத் தீட்டினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் பிறந்து வளர்ந்த நிலமும் இந்த நிலமும் ஒரே இனம். அதுவே என் வாதத்துக்குப் போதும்.

துறையூரை அடுத்த கீராம்பூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஊருக்கு ஒரு பக்கம் கொல்லிமலை, மறுபக்கம் பச்சைமலை. பச்சைமலைக்கு வடக்கே வசிட்ட நதி ஓடும் ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு. அதைத் தாண்டினால் கல்வராயன். மேற்குத் தொடர்ச்சி மலைபோல இவை நீண்ட சுவராக நிற்பதில்லை. சமவெளியில் திட்டுத்திட்டாக எழுந்து, நடுவே வயலுக்கு வழிவிட்டு நிற்கின்றன. இங்கே வாழ்பவருக்கு மலை என்பது பயணம் போய்ப் பார்க்கும் காட்சி அல்ல. உழுதுகொண்டே நிமிர்ந்தால் வரப்புக்கு அப்பால் எப்போதும் இருப்பது.

கச்சிராயபாளையத்துக்கு அருகே, கோமுகி அணைப் பக்கம் நின்று பார்த்தால் இது விளங்கும். பங்குனியில் புழுதி உழவு போட்ட செம்மண் வெயிலில் வெளிறிக் கிடக்கும்; அதன் மேல் அறுத்த சோளத்தட்டையின் மங்கிய மஞ்சள், அதற்கும் மேல் காய்ந்த காட்டின் பழுப்பு. வெக்கையில் மலைக்கும் வானுக்கும் இடையிலான கோடு கரைந்துவிடும். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே இடத்தில் மண் கருஞ்சிவப்பாக இருக்கும், மலை நீலத்திலிருந்து பச்சைக்கு வந்து பக்கத்தில் நிற்கும், ஏரி நீர் வெள்ளைக் கீற்றாக வயலைக் குறுக்கே வெட்டும். வெள்ளிமலைக்குப் போகும் சாலையில் ஏறித் திரும்பிப் பார்த்தால் காட்சி தலைகீழாகிறது. கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் தரிசும் ஒன்றையொன்று ஒட்டிய வண்ணத் துண்டுகளாகக் கீழே படர்ந்திருக்கின்றன. பனிமூட்டம் உள்ள காலையில் தொடுவானமே இல்லை.

ஆதிமூலத்தின் வண்ண ஓவியங்களில் இந்த இரண்டு பார்வைகளும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருப்பதாக நான் காண்கிறேன். வயலிலிருந்து பார்க்கும்போது கிடைக்கும் கிடைநிலை அடுக்குகளும் மலையிலிருந்து பார்க்கும்போது கிடைக்கும் துண்டுகளும் ஒரே திரையில் இருக்கின்றன. அவர் தூரிகையை ஒதுக்கிவிட்டு வண்ணம் பூசும் கத்தியைக் கையாண்டார். பரம்படித்த வயலைப் போல ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் இழுபட்டுத் தட்டையாகிறது; அடியிலிருக்கும் வண்ணம் விளிம்பில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. பெரிய நீலத்துக்கோ காவிக்கோ நடுவே சிறு சிவப்பும் வெள்ளையும் பளிச்சென்று வரும். அருவத்தை அருவமாகவே தீட்டுகிறவருக்கு மேலும் கீழும் வேறுபட வேண்டிய அவசியமில்லை. இந்த ஓவியங்களுக்கோ மேல் உண்டு, கீழ் உண்டு, அடியில் கனம் உண்டு, பருவமும் உண்டு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று சேர்த்தே சொல்கிறது. மரம், விலங்கு, மாந்தர் எல்லாவற்றையும் நீக்கிய பிறகு இத்திரைகளில் மிஞ்சுவது அந்த இரண்டும்தான்.

இதே மலைத்தொடரின் வடபகுதியை 1792இல் ஆங்கிலேய ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் வரைந்தார்கள். திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பெனிக்குக் கைமாறிய ஆண்டு அது. ராயக்கோட்டை போன்ற மலைக்கோட்டைகளை அவர்கள் ஒரே நிலையில் நின்று, தூரம் கணித்து, அளவு பிசகாமல் தீட்டினார்கள். அழகான படங்கள்தான். ஆனால் மலை அங்கே பிடிபட்ட இடமாக இருக்கிறது. பார்க்கிறவர் அதற்கு வெளியே நிற்கிறார். ஆதிமூலத்தின் திரையில் நிற்பதற்கென்று ஒற்றை இடம் கிடையாது. நவீன ஓவியம் கற்றுத்தந்த உத்தி என்று மட்டும் இதற்குக் காரணம் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

உத்தியின் பங்கை நான் மறுக்கவில்லை. சிற்பி தனபாலின் துணையோடு சென்னை ஓவியக் கல்லூரிக்கு வந்து 1966இல் பட்டயம் பெற்றவர் அவர். கே. சி. எஸ். பணிக்கர் முதல்வராக இருந்து உலகப் போக்குகளை மாணவர்முன் திறந்து வைத்த காலம். ஆனால் ஆசிரியரும் மாணவரும் நடந்த வழி நேரெதிரானது. பணிக்கர் நீர்வண்ண நிலக்காட்சியில் தொடங்கி, 1963 முதல் சொற்களும் குறியீடுகளும் கொண்ட வரிசைக்குப் போனார். நிலத்தை விட்டு எழுத்துக்கு. ஆதிமூலமோ கோட்டில் தொடங்கி நிலத்துக்கு வந்தார். ஆசிரியரின் பாதிப்பை மட்டும் வைத்து இந்தத் திருப்பத்தை விளக்க முடியாது. ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்த படங்களையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வாரந்தோறும் லட்சக்கணக்கான வாசகர் கண்ட அந்த மானாவாரிச் சம்சாரி முகங்களைப் பத்திரிகை வேலை என்று ஒதுக்கிவிட்டு ஆய்வாளர்கள் பெரிய தவறு செய்திருக்கிறார்கள்.

என் வாசிப்புக்கு உண்மையான இடையூறு வேறிடத்தில் இருக்கிறது. இந்த வண்ணத் திரைகளில் மனிதர் இல்லை. கல்வராயனில் நிலத்தை மனிதரின்றிப் பேச முடியாது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின் கீழ் அந்த மலை இருந்தது. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் தாம் உழுத மண்ணிலேயே கூலியில்லா வேலை செய்தார்கள். 1976இல்தான் அரசு அந்த ஜாகிர்களைத் தன் கையில் எடுத்தது. தூரத்து நீலம் பார்க்கிறவருக்கு அழகு; அதற்குள் வாழ்ந்தவருக்கு அது யாருடைய பட்டாவில் இருந்தது என்பதே முதல் செய்தி.

இந்தக் கேள்வியை ஆதிமூலம் அறியாதவர் என்று நான் எண்ணவில்லை. அவருடைய அரசர்களைப் பாருங்கள்: தலைப்பாகையும் நகையும் அங்கியும் கோட்டுப் பின்னலில் பெருத்துக்கொண்டே போக, உள்ளே ஆள் சிதைந்து காணாமல் போகிறான். அதன் பிறகுதான் ஆளே இல்லாத நிலம் வருகிறது. இரண்டையும் வெவ்வேறு காலகட்டமென்று வெவ்வேறு அறைகளில் வைத்துவிட்டோம். அரசர் வரிசையையும் நில வரிசையையும் எதிரெதிர்ச் சுவர்களில் மாட்டினால், ஒருவன் உடைமையாக வைத்திருந்த மண் அவன் கரைந்தபின் எப்படித் தோன்றும் என்று அவர் தொடர்ந்து வரைந்துகொண்டிருந்தது தெரியவரும். மீண்டும் உழைப்பவர் அங்கே வந்து சேரவில்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும். அவருடைய நிலக்காட்சியின் எல்லை அது. அந்த எல்லையைக் காட்டாமல் அவரைக் கொண்டாடுவது அவருக்கும் நியாயமில்லை, மலைக்கும் நியாயமில்லை.