யார் வீட்டுச் சுவர்

சில வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கங்களில் எழுதிய ஒரு கட்டுரையில், பொம்பெயி நகரத்துச் சுவர்க்கீறல்களைப் பற்றிச் சற்று உற்சாகமாகவே பேசியிருந்தேன். கெலாதுஸ் என்ற கிளாடியேட்டரைப் பார்த்துப் பெண்கள் பெருமூச்சு விடுவதாகச் சொல்லும் கீறலை, ரோமானியப் பெண்ணின் அந்தரங்கம் ஆணின் குறுக்கீடில்லாமல் நம்மை வந்தடையும் அபூர்வமான இடம் என்று குறிப்பிட்டேன். நண்பர்கள் யாரும் மறுக்கவில்லை. மறுப்பு வங்கியில் வந்தது. பக்கத்துக் கவுண்டரில் இருக்கும் பெண்மணியிடம் மத்தியானச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “அது யார் வீட்டுச் சுவர் சார்?”

கிளாடியேட்டர்கள் குடியிருந்த வீட்டுச் சுவர். அந்த வீட்டு முற்றத்துத் தூண்களில்தான் கெலாதுஸும், வலைவீரன் கிரெஸ்கென்ஸும் பெண்களின் கனவு நாயகர்களாகப் புகழப்படுகிறார்கள். அங்கே ஆணி பிடித்த கை யாருடையதாக இருக்கும்? அவர்களுடையதாகவோ, அவர்களைக் கேலி செய்த கூட்டாளிகளுடையதாகவோ இருக்கவே சாத்தியம் அதிகம். தினமும் காசோலைகளில் கையெழுத்தைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. இந்தக் கையெழுத்தை மட்டும் பார்க்காமலே பாஸ் செய்துவிட்டேன்.

அதன்பின் மற்றச் சான்றுகளையும் அதே கேள்வியோடு பார்த்தேன். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஜுவெனலின் ஆறாவது அங்கதத்தில் எப்பியா வருகிறாள். செனட்டரின் மனைவி. கணவனையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு செர்கியுஸ் என்ற கிளாடியேட்டரோடு எகிப்துக்குப் போகிறாள். அவன் முகத்தை ஜுவெனல் விஸ்தாரமாகவே காட்டுகிறார்: தலைக்கவசம் உராய்ந்த தழும்பு, மூக்கின் நடுவில் ஒரு கட்டி, நீர் வடியும் கண். முகமல்ல, அவன் தொழிலே அவளை மயக்கியது என்பது குற்றச்சாட்டு. ஆனால் இது அங்கதக்காரன் கண்டுபிடித்த முகம். எப்பியா அதில் என்ன கண்டாள் என்பதற்குக் கவிதையில் இடமே இல்லை.

கிளாடியேட்டர் குடியிருப்பு ஒன்றில் நகைகள் அணிந்த ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. காதலனைத் தேடி வந்த சீமாட்டி என்று கதை கட்டினார்கள். அதே அறையில் வேறு பலரும் இறந்து கிடந்தார்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது ஓடி வந்து ஒதுங்கியவர்களில் ஒருத்தி என்பதே பொருத்தமான விளக்கம். செத்த பிறகும் அவள்மேல் ஓர் ஆசை சுமத்தப்பட்டது.

இதைவிட அடிப்படையான சங்கடம் ஒன்று உண்டு. அவர்களால் முகத்தைப் பார்க்க முடிந்ததா? அகஸ்டஸ் காலத்திலிருந்து, வெஸ்டா தேவதையின் பூசாரிணிகள் நீங்கலாக, பெண்கள் கிளாடியேட்டர் போரை உச்சி வரிசைகளிலிருந்துதான் பார்க்கலாம் என்று சுயெடோனியுஸ் எழுதுகிறார். உடல் திறந்த மல்லர் போட்டிகளுக்கு அவர்கள் வரவே கூடாது. ஒருமுறை குத்துச்சண்டையை மறுநாள் காலைக்கு மாற்றி, ஐந்தாம் மணிக்கு முன் பெண்கள் அரங்கத்துக்கு வரக்கூடாது என்றும் அகஸ்டஸ் அறிவித்தார். கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியத்தின் உயரம் ஏறக்குறைய 48 மீட்டர். அதன் உச்சியிலிருந்து பார்த்தால் முகம் ஒரு புள்ளி. போதாததற்கு, கெலாதுஸைப் போன்ற திரேசிய வகை வீரனின் கவசம் முகத்தையே மூடிவிடும். வலைவீரன் ஒருவன்தான் திறந்த முகத்தோடு இறங்கியவன். அந்த முகத்தை ஊன்றிப் பார்த்ததாக வரலாறு பதிவு செய்திருப்பவரோ ஓர் ஆண், சக்கரவர்த்தி கிளாடியுஸ். தவறி விழுந்த வலைவீரர்களையும் கொல்லச் சொல்வாராம், சாகும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காக.

நம் காலத்தில் பெண்களையே நேரில் கேட்டார்கள். 2014இல் எரிக் போஸ்ட்மா என்ற உயிரியலாளர், 2012 டூர் டி பிரான்ஸில் ஓட்டிய 80 சைக்கிள் வீரர்களின் புகைப்படங்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார். வேகமாக ஓட்டியவர்களே அழகானவர்களாக மதிப்பிடப்பட்டார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடாத பெண்களிடம் இந்தப் போக்கு வலுவாக இருந்தது என்றார். அடுத்த வருஷமே அதே பத்திரிகையில் இதற்கு மறுப்பு வந்தது. அந்தப் பந்தயத்தில் பலர் தங்கள் அணித்தலைவனுக்காக உழைத்துப் பின்தங்குகிறவர்கள் என்பதால், முடிவு நேரம் ஒருவனின் உடல்வலுவுக்கு நேரான அளவுகோல் ஆகாது என்று எனக்கும் படுகிறது.

ஆனால் என் கவனம் வேறு. ஜுவெனலும் போஸ்ட்மாவும் எதிரெதிராகப் பேசுகிறார்கள். முகம் கோரமாக இருந்தும் வீரத்துக்கு மயங்கினாள் என்கிறார் ஒருவர். வீரம் முகத்திலேயே எழுதியிருக்கிறது, அதை அவள் படித்துவிட்டாள் என்கிறார் மற்றவர். இருவருக்குமே அவள் பார்வை ஆணின் பலத்துக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். போஸ்ட்மாவின் பெண்கள் உண்மையிலேயே பார்த்தார்கள், முகத்தை அருகிலேயே பார்த்தார்கள். ஆனால் பதிலாக அனுமதிக்கப்பட்டது ஓர் எண். எண்ணுக்குப் பொருள் சொன்னவர் ஆராய்ச்சியாளர்.

நான் செய்ததும் இதுதான். ஆண்களின் ஒரு ஜம்பத்தைப் பெண்ணின் குரல் என்று எழுதினேன்; எழுதியதில் நானே நெகிழ்ந்தும் போனேன். அந்த வாக்கியத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அதன் இடத்தில் வைக்க வேறு வாக்கியம் என்னிடம் இல்லை. கவுண்டர் பெண்மணியிடம் இதைச் சொன்னபோது, அவருக்கு எந்த ஆட்டக்காரரின் முகம் பிடிக்கும் என்று கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் நான்தான் எழுதியிருப்பேன்.