மூலநிரலைத் திருத்துவது யார்? பொது மருத்துவ மென்பொருள் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பொது மருத்துவமனைகளுக்குத் திறமூல மென்பொருளா, தனியுரிம மென்பொருளா என்ற விவாதம் பெரும்பாலும் உரிமக் கட்டணத்தோடு முடிந்துவிடுகிறது. பிழை தலைகாட்டும்போது அதைத் திருத்தும் உரிமை யாரிடம், திறன் யாரிடம் என்பதே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் துணிபு. இரு வகையையும் கையாண்ட அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை இங்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

2. விஸ்டா: உள்ளே வளர்ந்த நிரல்

1970களின் பிற்பகுதியில் அத்துறையின் மருத்துவர்களும் நிரலர்களும் 'மம்ப்ஸ்' மொழியில் எழுதத் தொடங்கிய சிறு நிரல்களே 'விஸ்டா' எனும் முழு மருத்துவப் பதிவேட்டு அமைப்பாயின. கூட்டாட்சி அரசு ஊழியர் பணிநிமித்தம் எழுதியவற்றுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. எனவே விஸ்டாவின் மூலநிரல் பொதுச்சொத்து. ஜோர்தான் 2009இல் தொடங்கிய 'ஹக்கீம்' திட்டம் அதன்மீதே எழுந்தது.

கான்சாஸ் மாநிலத்து டோபீகா மருத்துவமனையின் செவிலியர் சூ கின்னிக், வாடகைக் காரைத் திருப்பித் தரும் இடத்தில் பார்கோடு கருவியைக் கண்டார். மருந்து கொடுக்கையிலும் இது உதவுமே என்று எண்ணினார். நோயாளியின் கைப்பட்டையையும் மருந்துப் பொட்டலத்தையும் ஸ்கேன் செய்து, பொருந்தாவிட்டால் எச்சரிக்கும் முறை அங்கே உருவாகி, பிறகு துறையின் மருத்துவமனைகள் எங்கும் பரவியது. செவிலியரின் யோசனை நிரலாவதற்கு வெளி நிறுவனத்தின் இசைவு தேவைப்படவில்லை.

3. உரிமை இருந்தும் திறன் குறைந்தமை

அதே சுதந்திரத்துக்கு விலையும் இருந்தது. மருத்துவமனைகள் தத்தம் வசதிக்கேற்ப நிரலை மாற்ற, சுமார் 130 வடிவங்கள் ஒன்றுக்கொன்று விலகி நின்றன. பாதுகாப்புத் துறை வேறு அமைப்பை வைத்திருந்ததால் படைவீரரின் பதிவேடு ஓய்வுக்குப் பின் எளிதில் கைமாறவில்லை. மம்ப்ஸ் அறிந்தோர் ஓய்வுபெற்று வந்தனர். 2000களின் நடுவில் கணினிப் பணி மையப்படுத்தப்பட்டதும் நிரலர்கள் மருத்துவமனை நிர்வாகத்தின் கையைவிட்டுப் போயினர்.

4. தனியுரிம மாற்று

2018 மே மாதம் செர்னர் நிறுவனத்துடன் பத்தாண்டுக்கு 1,000 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2020 அக்டோபரில் ஸ்போகேன் நகரில் புதிய அமைப்பு இயங்கத் தொடங்கியது. சேர வேண்டிய இடம் பொருந்தாத மருத்துவ ஆணைகள் அதில் ஓசையின்றி 'அறியப்படாத வரிசை' ஒன்றில் போய் விழுந்தன. அனுப்பிய மருத்துவருக்கோ ஆணை போய்ச் சேரவில்லை என்பதே தெரியாது. இவ்வாறு 11,000க்கும் மேற்பட்ட ஆணைகள் தேங்கியதையும், 149 பேருக்குத் தீங்கு நேர்ந்ததையும், வரிசை இருப்பதைப் பயனர்களுக்கு நிறுவனம் தெரிவிக்கவில்லை என்பதையும் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022 ஜூலையில் வெளியிட்டது. 2023 ஏப்ரலில் புதிய இடங்களுக்கான விரிவாக்கம் நிறுத்தப்பட்டது.

இத்தகைய பிழை திறமூலத்திலும் நேரலாம். ஆனால் மூலநிரல் கையிலிருந்தால், வழங்குநர் சொல்லும்வரை காத்திராமல் துறையே தேடிப் பார்க்க வழியுண்டு.

5. முடிபுகள்

(அ) திறமூலம் திருத்தும் உரிமையைத் தரும், திருத்துவோரைத் தராது. நிரலர் பணியிடங்களுக்கு நிலையான ஒதுக்கீடு வேண்டும்.

(ஆ) உள்ளூர் மாற்றங்கள் பொது வடிவத்துக்குத் திரும்பிச் சேர வேண்டும். இல்லையேல் ஒரே மென்பொருள் நூறாகச் சிதறும்.

(இ) தனியுரிமத்தைத் தேர்ந்தால், தரவை முழுமையாக வெளியே எடுக்கும் உரிமை, சுயேச்சையான சோதனை, பிழைகளை உடனே அறிவிக்கும் கடமை ஆகியவை ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும்.

உரிமக் கட்டணத்தில் மிச்சமாவதை நிரலர் சம்பளமாக மாற்றாத அரசுக்குத் திறந்த நிரலும் மூடிய பெட்டிதான்.