அந்தக் கைநாட்டு யாருடைய சம்மதம்?

 

போன தவணை பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும், பேரப்பிள்ளைக்காக வந்த ஒரு கத்தோலிக்கப் பாட்டி வகுப்பிலேயே இருந்தார். எண்பதுகளில், மூன்றாவது பிரசவத்தோடு அவருக்கு ‘எல்.ஆர்.டி.’ செய்துவிட்டார்களாம். தாளில் கைநாட்டு வைத்தது ஞாபகம் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் தமிழில் சொல்லவில்லை. அது பாவம் என்று பிற்காலத்தில் கோயிலில் கேட்ட நாளிலிருந்து அவர் நற்கருணை வாங்குவதில்லை. “நான் பாவியா டீச்சர்?” என்று கேட்டார்.

தீர்ப்புச் சொல்ல நாங்கள் யார்? சுவாமியிடம் மனம்விட்டுப் பேசுங்கள் என்றோம். ஆனால் அந்தக் கைநாட்டின் வரலாறு நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இலங்கையில் குடும்பத்திட்டச் சங்கம் 1953இல் தொடங்கியது. 1958இல் சுவீடனின் உதவியோடு முன்னோடித் திட்டம் வந்தபோது, கிராமத்துக்குப் பண்டாரகமையும் தோட்டத்துக்கு நம் டயகமையும் தெரிவாகின. 1965இல் அரசே குடும்பத்திட்டத்தைச் சுகாதாரச் சேவையில் சேர்த்துக்கொண்டது.

அதே காலத்தில் நம் தோட்ட மக்கள் நாடற்றவர்கள். 1948 சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. தலைக்கணக்கு அரசியலான காலத்தில்தான் பிள்ளைக்கணக்கும் பேசப்பட்டது.

1980இல் நாடு முழுவதும் நிரந்தரக் கருத்தடைக்கு அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. முதலில் 100 ரூபாய், பிறகு 500 ரூபாய். கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்சம்பளம் அன்று ஆணின் சம்பளத்தைவிடக் குறைவு. 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் சமமானது. பசியுள்ள லயத்தில் 500 ரூபாயை வைத்துவிட்டு ‘உன் விருப்பம்’ என்றால் அது எவ்வளவு தூரம் விருப்பம்? தோட்டங்களில் மாத்திரை, ஊசி, லூப் பாவித்தவர்கள் குறைவு. ஒப்பரேஷன் செய்தவர்களின் வீதமோ நாட்டின் சராசரியைவிடக் கூடுதல். அரசின் ஆய்வுகளே இதைக் காட்டின.

கத்தோலிக்கத் திருச்சபை என்ன சொன்னது? 1930இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர், குற்றமற்ற குடிமக்களின் உடல்மீது அரசுக்கு நேரடி அதிகாரம் இல்லை என்று எழுதினார். 1968இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் செயற்கைக் கருத்தடையையும், ஆணுக்கோ பெண்ணுக்கோ செய்யும் மலட்டு ஒப்பரேஷனையும் தடுத்தார். கருத்தரிக்காத நாட்களைக் கணித்து நடப்பதை அனுமதித்தார். கருத்தடையை அரசுகள் மக்கள்மீது திணிக்கக்கூடும் என்றும் அதே சுற்றுமடலில் எச்சரித்தார்.

நம் பாட்டியின் காதில் விழுந்தது தடை மட்டும்தான். எச்சரிக்கை விழவே இல்லை. அதே திருச்சபை இன்னொன்றும் படிப்பிக்கிறது: சாவான பாவம் என்றால் காரியம் பாரதூரமாக இருப்பது மட்டும் போதாது, முழு அறிவும் மனப்பூர்வமான சம்மதமும் வேண்டும். வாசித்துக் காட்டாத தாளில் அறிவு எங்கே? பிரசவ வலியில் சம்மதம் எங்கே?

எங்கள் மார்க்கத்திலும் தற்காலிக முறைகளைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். அவசியமில்லாத நிரந்தரக் கருத்தடையை மறுக்கிறார்கள். ஆனாலும் நிய்யத்தைக் கேட்காமல் யாரையும் குற்றவாளியாக்குவதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். ஆதாரமில்லாத கருத்தடைக் குற்றச்சாட்டு என்ன செய்யும் என்பதை 2019இல் குருநாகலில் எங்கள் சமூகம் அனுபவித்தது. ஆகவே எல்லா டொக்டர்மாரையும் மிட்வைஃப்மாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. மலையேறி வந்து தாய்மாரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். விளங்கி, விரும்பி ஒப்பரேஷன் செய்துகொண்ட பெண்களும் நிறையப் பேர். அது அவர்களின் முடிவு.

துரைமார் ஒன்று சொன்னார்கள், அரசு ஒன்று சொன்னது, கோயில் ஒன்று சொன்னது. அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. ஆகவே நம் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்போம்: விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதே. தமிழில் சொல்லச் சொல். யோசிக்க நேரம் கேள்.

உங்கள் வீட்டுப் பாட்டிமாரிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர்கள் விரும்பினால் மட்டும், பெயர் போடாமல், இங்கே எழுதுங்கள்.