கணக்கே விண்ணப்பம்: அமெரிக்கக் கோடைக்காலக் கணித முகாம்களின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கோடை விடுமுறையில் பல்கலைக்கழக விடுதியொன்றில் தங்கி, ஐந்து ஆறு வாரங்களுக்குக் கணிதம் ஒன்றையே பயிலும் வழக்கம் ஏறத்தாழ எழுபது ஆண்டுப் பழமையுடையது. இன்று இம்முகாம்களில் இடம் கோரும் மாணவர் மதிப்பெண் பட்டியலையும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையும் அனுப்புவதோடு, முகாம் வெளியிடும் கடினமான கணக்குகளுக்குப் பல வாரங்கள் உழைத்து விடை எழுதி அனுப்ப வேண்டும். மணிக்கணக்கில் நேரம் வைத்து நடத்தும் நுழைவுத் தேர்வுகளுக்கு நேர்மாறான இந்த ஏற்பாட்டின் வேரைத் தேடினால், அது ஆர்னல்ட் ராஸ் என்ற ஒரே ஆசிரியரின் வகுப்பறைக்குக் கொண்டுபோய் விடுகிறது.

1906இல் சிகாகோவில் பிறந்து கருங்கடல் துறைமுகமான ஒடெசாவில் வளர்ந்த ராஸுக்கு, புரட்சிக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் சாமுயில் ஷதுனோவ்ஸ்கி என்ற கணித அறிஞர் தனியே பாடம் சொன்னார். பணம் மதிப்பிழந்திருந்த அந்நாளில் ஆசிரியருக்கு ஊதியமாகக் கிடைத்தது ஒரு பவுண்டு பிரெஞ்சு மிட்டாய். 1922இல் சிகாகோ திரும்பிய ராஸ் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஈ. எச். மூரிடம் பயின்றார், முழு எண்களின் பண்புகளை ஆராயும் எண் கோட்பாட்டில் எல். ஈ. டிக்சனின் வழிகாட்டலில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் இண்டியானா மாநிலத்தின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைத் தலைவராகி, பள்ளி ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிற்சி நடத்திவந்த அவர், 1957ஆம் ஆண்டுக் கோடையில் அப்பயிற்சியின் கதவைப் பள்ளி மாணவர்களுக்கும் திறந்தார். சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியது அதே ஆண்டு அக்டோபரில்தான். ஆகவே இம்முயற்சியைப் பனிப்போர் அச்சத்தின் பிள்ளையென்று சொல்லிவிடுவது பொருந்தாது. ஆனால் அவ்வச்சம் அறிவியல் கல்விக்குத் திருப்பிவிட்ட அரசு நிதி, இத்தகைய பயிற்சிகள் நாடெங்கும் பெருக உதவியது என்பதில் ஐயமில்லை. 1960களின் நடுவில் ராஸ் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது முகாமும் அவருடனே கொலம்பஸ் நகருக்குச் சென்றது. 2000ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றும்வரை, தொண்ணூறு வயதைத் தாண்டியும் அதை நடத்திய அவர் 2002இல் காலமானார்.

எளியவற்றை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும் என்பது ராஸ் தம் மாணவர்களுக்குத் தந்த தாரக மந்திரம். அவர் எண் கோட்பாட்டைத் தேர்ந்ததன் காரணமும் அதுவே. முழு எண்களை எல்லாப் பிள்ளைகளும் அறிவார்கள் என்பதால் வசதியான பள்ளியில் படித்தவருக்கும் சிற்றூர்ப் பள்ளியில் படித்தவருக்கும் தொடக்கக் கோடு ஏறக்குறைய ஒன்றாகிறது. 7ஆல் வகுத்தால் எஞ்சும் மீதிகளை மட்டும் கொண்டு கூட்டியும் பெருக்கியும் பார்க்கும் எண்கணிதத்தில், அதாவது 5உடன் 4ஐக் கூட்டினால் 2 வரும் உலகில், மாணவர் அட்டவணை போட்டு ஒழுங்குகளைக் கண்டு, ஊகித்து, நிரூபணம் எழுதப் பழகுகிறார். நாள்தோறும் வரும் கணக்குத் தாளில் சில கூற்றுகளுக்கு ஒரே கட்டளைதான்: நிரூபி, இல்லையேல் தவறென்று காட்டு, தவறானால் இயன்றவரை மீட்டெடு. பகா எண்கள் அனைத்தும் ஒற்றை எண்கள் என்ற கூற்று 2 என்ற ஒரே எண்ணால் வீழ்கிறது. 2ஐவிடப் பெரிய பகா எண்கள் என்று வரம்பிட்டால் மீண்டுவிடுகிறது. இவ்வாறு படிப்படியாக ஏறி, கணித மேதை காஸ் தம் இளமையிலேயே நிரூபித்த இருபடி எச்சங்களின் பரஸ்பர விதியை மாணவர்கள் எட்டுகிறார்கள். இரண்டு ஒற்றைப் பகா எண்களில் ஒன்றால் மற்றொன்றை வகுத்தால் வரும் மீதி ஏதேனும் ஒரு வர்க்க எண்ணும் தரக்கூடிய மீதிதானா என்ற கேள்வியையும், அவ்வெண்களை இடம் மாற்றிக் கேட்கும் கேள்வியையும் பிணைப்பது இவ்விதி. விடுதியில் உடன் தங்கும் மூத்த மாணவர்கள், பெரும்பாலும் முந்தைய ஆண்டுகளில் இங்கேயே பயின்றவர்கள், ஒவ்வொருவரின் விடைத்தாளையும் வரிவரியாகத் திருத்துகிறார்கள். ஆசிரியர் விடையைச் சொல்லிவிடாத இப்பொறுமையே ராஸின் மிகப் பெரிய கொடை.

அவரிடம் பயின்றவர்கள் அதையே வேறிடங்களில் விதைத்தனர். கிளென் ஸ்டீவன்ஸும் தோழர்களும் 1989இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய புராமிஸ், மேக்ஸ் வார்ஷவர் 1990இல் டெக்சாஸில் தொடங்கிய முகாம் ஆகியவை இக்கிளையைச் சேர்ந்தவை. இந்தியா, ஆஸ்திரேலியா, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளிலும் இதே பாணியில் பயிற்சிகள் அமைய ராஸ் உதவினார். மாசசூசெட்ஸில் டேவிட் கெல்லி 1971இல் தொடங்கிய ஹேம்ப்ஷயர் கல்லூரி முகாம் தனி மரபுடையது. அங்கே 17 என்ற எண்ணும் மஞ்சள் பன்றியும் விளையாட்டாகப் போற்றப்பட்டு, ஜூலை 17 திருநாளாகவே கொண்டாடப்படுகிறது. 1993இல் தோன்றிய மேத்கேம்ப் ஒரே பாடத்தை அனைவருக்கும் வைக்காமல், பல வகுப்புகளைத் திறந்துவைத்து மாணவரையே தேர்ந்துகொள்ள விடுகிறது. ஆகவே எம்முகாம் சிறந்தது என்று பெயரையும் புகழையும் ஒப்பிடுவதைவிட, ஒரே பொருளில் ஊன்றி நிற்க விரும்பும் மனமா, பல துறைகளில் உலவ விரும்பும் மனமா என்று மாணவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்வது பயன் தரும்.

விண்ணப்பக் கணக்குகளும் ராஸின் மரபிலிருந்தே பொருள் பெறுகின்றன. அவற்றைப் படிப்போர் சரியான விடையை மட்டும் தேடுவதில்லை; சிறிய எண்களில் சோதித்தது, தவறிய வழியிலிருந்து திரும்பியது, முடிக்க இயலாத இடத்தில் அதுவரை கண்டதைத் தெளிவாக எழுதியது ஆகிய அனைத்தும் கணக்கில் சேர்கின்றன. பிறர் உதவியின்றி உழைக்க வேண்டும் என்ற நிபந்தனை கண்காணிப்பாளர் இல்லாமல் மாணவரின் நேர்மையை மட்டுமே நம்பி நிற்கிறது. அந்த நம்பிக்கை குலைந்தால் இம்முறையே குலைந்துவிடும். உழைத்துப் பார்த்து இடம் கிடைக்காதவரும் நிரூபணம் எழுதும் பழக்கத்தோடு திரும்புகிறார் என்பதால், வேறெந்தச் சேர்க்கை முறையையும்விட இதுவே அறமுடையது.

எனினும் 1980களின் தொடக்கத்தில் அரசு நிதி சுருங்கிய பின் முகாம்கள் கட்டணத்தையும் நன்கொடையையும் சார்ந்தே நடக்க நேர்ந்தது. கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர்களை எட்டிய நிலையில், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உதவித்தொகை தரும் ஏற்பாடுகள் எழுந்தன. பணத் தடை நீங்கினும் தகவல் தடை நீங்குவதில்லை. இத்தகைய முகாம் இருப்பதையே அறியாத பள்ளிகளிலிருந்து விண்ணப்பம் வருவதெப்படி? இக்கேள்விக்கு விடையாக டேனியல் ஸஹரோபோல் 2011இல் நியூயார்க்கில் தொடங்கிய பீம் என்ற அமைப்பு, விண்ணப்பம் வரும்வரை காத்திராமல் ஏழ்மை மிகுந்த பகுதிகளின் நடுநிலைப் பள்ளிகளுக்குத் தானே சென்று மாணவரைத் தேர்ந்து, உயர்நிலைப் பள்ளி வயதில் மற்ற முகாம்களுக்கு விண்ணப்பிக்கும் வலிமையை அவர்களுக்கு ஊட்டி வருகிறது.